தெரியாம இருக்குமா

படகில் போதைப்பொருள் மூட்டை பிடிபட்ட வழக்கு. வெளிநாட்டு நீதிமன்றக் கூண்டில் நின்ற கிளமென்ட்டுக்கு அந்த நாட்டுச் சட்டப்படி தூக்கே கிடைக்கலாம். இரு அரசுகளும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, அவனுடைய மச்சான் ரொசாரி சொந்த ஊர் நீதிமன்றத்தில் இருந்தபடியே காணொளியில் சாட்சி சொன்னான். மொழிபெயர்க்க வந்தவள் மெர்லின்.

“மூட்டையில் என்ன இருந்தது என்று கிளமென்ட்டுக்குத் தெரியுமா?” அரசு வழக்கறிஞர் கேட்டதை அவள் தமிழில் சொன்னாள்.

“அவனுக்குத் தெரியாம இருக்குமா?” என்றான் ரொசாரி.

மெர்லின் அதை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். கட்டாயம் தெரியும் என்கிறானா, இல்லை, தெரியாமலே இருந்திருப்பானோ என்று தனக்குள் கேட்டுக்கொள்கிறானா? குரலை வைத்து எதுவும் பிடிபடவில்லை. நீதிபதியிடம் அனுமதி வாங்கிக்கொண்டு, “அண்ணே, வெளங்கல. தெளிவாச் சொல்லுங்க” என்றாள்.

ரொசாரி திரையை நெருங்கி வந்தான். “தங்கச்சி, நீ நம்ம பக்கத்துப் புள்ளதானே? எப்படிச் சொன்னா அவன் பொழைப்பான்?”

கூண்டில் கிளமென்ட் தலையைக் குனிந்துகொண்டான். தமிழ் தெரியாத மற்ற எல்லோரும் மெர்லினையே பார்த்தார்கள்.

“சாட்சி என்ன சொன்னார்?” என்றார் நீதிபதி.

ஒரு சொல்லையும் விடாமல், ஒரு சொல்லையும் கூட்டாமல் சொல்வதாகச் சத்தியம் செய்திருந்த மெர்லின், மைக்கை அருகே இழுத்தாள்.