ஆறு தொட்டிகளுக்கு ஒரு குடை

நாற்பது நெல் தொட்டிகளுக்கும் பத்து நாள் தண்ணீர் காட்டக் கூடாது என்று ரெஜினா சொல்லியிருந்தாள். போன போகத்தில் தாகத்தோடு நின்ற செடிகளின் விதையில் முளைத்தவை இவை. அந்தத் தாகம் விதைக்கு நினைவிருக்கிறதா என்பதுதான் அவளுடைய மூன்று வருட ஆராய்ச்சி. எட்டாம் நாள் உச்சி வெயிலில் வந்து பார்த்தால், தொட்டிகளைக் கவனித்துக்கொள்ளும் சரசாள் தன் தலையை வெயிலுக்குக் கொடுத்துவிட்டு, ஆறு தொட்டிகளுக்கு மேலே குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

“சரசக்கா! என்ன பண்றீங்க?”

“தண்ணி ஊத்தலீங்க அம்மிணி. சத்தியமா ஒரு சொட்டு ஊத்தல.”

“எத்தனை நாளா இந்தக் குடை?”

“மூணு நாளாச்சுங்க. எல பூராவும் சுருட்டிக்கிச்சு. பாத்துட்டுச் சும்மா உக்கார முடியுங்களா? நாப்பதுக்கும் எட்டற குடைக்கு நான் எங்கீங்க போவேன்?”

“இந்த ஆறையும் பிடுங்கிப் போடணும்க்கா. இனி ஆராய்ச்சிக்கு உதவாது.”

சரசாள் குடையைத் தாழ்த்தவில்லை.

“தாகத்த மறக்காதுன்னீங்க. நெழல் குடுத்தத மட்டும் மறந்துருமுங்களா?”

பிடுங்கக் குனிந்த ரெஜினா கையை இழுத்துக்கொண்டாள். பிறகு ஆறு அட்டைகளில் ‘குடை’ என்று எழுதித் தொட்டிகளில் செருகினாள்.

“இதுங்க விதையைத் தனியா எடுத்து வைப்போம். ஆனா தினமும் இதே நேரத்துக்குப் பிடிக்கணும். ஒரு நாள் விட்டாலும் திட்டுவேன்.”

சொல்லிவிட்டுக் குடையைச் சரசாளின் தலைப்பக்கம் சற்றே சாய்த்தாள்.

“சும்மா இருங்க அம்மிணி, ஆராய்ச்சி கெட்டுப்போயிரும்” என்று சரசாள் அதைச் செடிகளின் பக்கமே திருப்பினாள்.