ஆயர் மேசைக்குப் போகும் ஜாம்

"இந்த மலையிலேயே அத்திப்பழ ஜாம்னா அது எங்க வீட்டு ஜாம்தான். மத்தவங்க கிண்டறது வெறும் சர்க்கரைப் பாகு" என்று வதாத் பிரகடனம் செய்தாள். கேட்க இருந்தவர்கள், கணவன் ஃபாரிஸும் ஒழுகும் குழாயும்.

மறுநாள் மாதா திருநாள். சாலே நகரத்திலிருந்து ஆயர் வருகிறார். அவர் மேசைக்கு யார் வீட்டு ஜாம் போக வேண்டும் என்று, ஊரார் 'அபூனா' என்றழைக்கும் பாதிரியார் தன்யூஸ் இன்று மதியம் ருசி பார்த்துச் சொல்லப்போகிறார். ஆறு வருஷமாக வதாத் காத்திருந்த பெருமை.

அந்த நேரம் பார்த்து, ஃபாரிஸின் தங்கை நஜ்லா 'ஒத்தாசைக்கு' வந்து நின்றாள்.

"அண்ணி, இந்த பாட்டில் அலமாரியில எந்தத் தட்டுல இருந்துச்சு?"

"எதுக்குக் கேக்கற?"

"சும்மாதான்."

சும்மா கேட்பவள் பாட்டிலைத் திருப்பித் திருப்பியா பார்ப்பாள்? மேலே ஒட்டிய சீட்டில் வதாத் தன் கையால் எழுதிய தன் பெயர்தான் இருந்தது. நஜ்லா ஒரு கரண்டி நக்கினாள். கண்ணை மூடினாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் கூரையைப் பார்த்தான்.

"அண்ணி, இதை விட்டுட்டு உங்களோட வேற பாட்டிலை வைங்களேன்."

"நல்லதை நீ எடுத்து வெச்சுக்கறதுக்கா?" வதாத் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள். ஃபாரிஸின் காதருகே போய், "உங்க தங்கச்சி நம்ம பக்குவத்தைத் திருட வந்திருக்கா" என்றாள்.

"அவளுக்கு எதுக்கு நம்ம பக்குவம்?" என்றவன், அதிகம் பேசிவிட்டவன்போல வாசலுக்கு நழுவினான். வதாத்துக்கு இப்போது இருவர்மேலும் சந்தேகம்.

பாதிரியார் வந்தார். ஹலூமி சீஸ் வாணலியில் இரு பக்கமும் பொன்னிறமாகச் சிவந்ததும், சூட்டோடு தட்டில் போட்டு, மேலே ஜாமை வழித்துவைத்தாள் வதாத். அவர் மூன்று துண்டுகள் சாப்பிட்டு மீசையைத் துடைத்தார்.

"இது யார் கைப்பக்குவம்மா?"

"எங்கம்மாவோட அம்மா பக்குவம், அபூனா. வெளியாளுங்களுக்குச் சொன்னதே இல்லை" என்று நஜ்லாவைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். நஜ்லா மேசைவிரிப்பின் பூக்களை எண்ணினாள்.

"அப்ப முடிவாயிடுச்சு. இன்னும் ரெண்டு துண்டு வை."

பாட்டில் காலி. வதாத் அலமாரியிலிருந்து இன்னொன்றை எடுத்துத் திறந்தாள். பாதிரியார் ஒரு வாய் கடித்தார். வெகுநேரம் மென்றார். தண்ணீர் குடித்தார்.

"மொதல்ல வெச்ச ஜாம் இன்னொரு பாட்டில் இருக்குமாம்மா?"

வதாத் நஜ்லாவை அடுப்பங்கரைக்கு இழுத்துப் போனாள். "இதுல என்னடி கலந்த?"

பின்னாலேயே வந்த ஃபாரிஸ் கதவைச் சாத்தினான். "அவ எதையும் தொடலை. ஈஸ்டருக்கு அவளுக்கு ஒரு பாட்டில் ஜாம் அனுப்பினியே, ஞாபகம் இருக்கா? காலி பாட்டிலைத் திருப்பி அனுப்பற வழக்கம் நம்ம ஊர்ல எங்க இருக்கு? அவ காய்ச்சின ஜாமை ரொப்பிக் குடுத்தா. நான்தான் அலமாரியில வெச்சேன். அதுதான் அந்த மொத பாட்டில்."

இரண்டாவது பாட்டிலில் இருந்தது வதாத் தன் கையாலேயே காய்ச்சியது.