இறங்காத மாப்பிள்ளை

“ஏப்ரல் 17, வெள்ளி. நேற்று மாலை மெக்கானிக் வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். பழைய டீசல் வண்டியைச் சாவி எப்படி நிறுத்துகிறது என்று ஆசிரியர் கேட்டார். மின்சாரத்தைத் துண்டித்து என்றேன். இல்லை. சாவியைத் திருப்பினால் ஒரு மெல்லிய வேக்குவம் குழாய் காற்றை உறிஞ்சும். அந்த இழுப்பில் டீசல் அடைபட்டு எஞ்சின் நிற்கும். குழாய் உடைந்தால், சாவியை உருவினாலும் எஞ்சின் ஓடும்.”

எழுதியது சரிதானா என்று இத்ரீஸ் இன்னொரு முறை படித்தான். சரியாகத்தான் இருக்க வேண்டும். சன்னலுக்கு வெளியே, எதிர்வீட்டு வாசலில், அப்படி ஒரு டாக்சி தடதடத்துக்கொண்டிருந்தது.

“அணைச்சுட்டு உள்ள வாங்க மாப்ளே! அல்லா மேல ஆணை, உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும்!” டாக்சியின் கதவைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினார் ஹாஜி மஹ்ஜூப்.

“எப்படி மாமா அணைக்கிறது?” மூத்த மருமகன் பூஷ்தா சாவியை உருவி ஆட்டிக் காட்டினான். “சாவி என் கையில, வண்டி அதும்பாட்டுக்கு ஓடுது. கையால நிறுத்துற விசையும் ஒடிஞ்சாச்சு. கியர்ல போட்டுத் திணறடிச்சாத்தான் நிக்குது. போற இடமெல்லாம் அப்படிச் செஞ்சா கிளட்ச் என்னத்துக்கு ஆகும்?”

“வெள்ளிக்கிழமை குஸ்குஸ்ஸ மருமகனுக்கு ரோட்டுல வெச்சுக் கொடுக்கறதா? செஃப்ரூ ஊரே சிரிக்குமே!”

வாரா வாரம் இதே கூத்துதான். பூஷ்தாவின் மனைவி இறங்கி அம்மாவைப் பார்க்க உள்ளே போய்விடுவாள். பூஷ்தா ஓட்டுநர் இருக்கையிலேயே தட்டை மடியில் வைத்துச் சாப்பிடுவான். ஹாஜி நெஞ்சில் கை வைத்துப் புலம்புவார்.

இத்ரீஸ் கருவிப்பெட்டியை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினான். ஹாஜியின் இளைய மகள் நுஸ்ஹாவைப் பெண் கேட்பதற்காக அவன் இரண்டு முறை அந்த வீட்டுப் படியேறியிருக்கிறான். ஒருமுறை உப்பு இரவல் வாங்கிக்கொண்டு திரும்பினான். இன்னொருமுறை புதினா. இன்றைக்கு இந்த வண்டியை நிறுத்திவிட்டால் ஹாஜியின் மானம் மிஞ்சும். அந்தச் சூட்டோடு வாய் திறந்துவிடலாம்.

“ஹாஜி, நான் பாக்கட்டுமா?”

ஹாஜி திடுக்கிட்டார். “நீயா? வேண்டாம் தம்பி, கையெல்லாம் கரியாகும். நீ இன்னும் படிச்சுட்டுத்தானே இருக்க?”

‘என் வேலையில் நம்பிக்கை இல்லை’ என்று நினைத்து இத்ரீஸ் ஓர் அடி பின்வாங்கினான். நிமிர்ந்தான். மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த நுஸ்ஹா, கொடியிலிருந்த விரிப்பைச் சற்று விலக்கிப் பார்த்தாள்.

“பாத்துடறேன் ஹாஜி.”

“பாருப்பா, பாரு! ஒர்க்ஷாப்புல சரி பண்ணினேன், மறுபடி போயிருச்சு. இந்த மேட்டு ரோடு ஆட்டுற ஆட்டம் அப்படி,” என்ற பூஷ்தா, கியரில் போட்டு வண்டியைக் குலுக்கி நிறுத்தினான்.

இத்ரீஸ் பானெட்டைத் தூக்கி, எஞ்சினிலிருந்து குழாய் வழியே விரலை ஓட்டிக்கொண்டே போனான். மூன்று குழாய்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு பிளந்து கிடந்தது. பழசாகி விட்ட விரிசல் இல்லை. இடுக்கியின் பற்கள் வரிசையாகப் பதிந்திருந்தன.

அவன் பூஷ்தாவை ஓரக்கண்ணால் பார்த்தான். மாமனார் வீட்டுக்குள் வரப் பிடிக்காமல் இவரே நெரித்துவிட்டாரோ? பெரியவர்கள் விஷயம்.

பெட்டியிலிருந்து புது இணைப்பை எடுத்தான். காய்ந்த ரப்பரை வெட்டி எறிந்து புது ரப்பர் செருகினான். குழாயின் முனையை வாயில் வைத்து உறிஞ்சி, நாக்கால் அடைத்தான். நாக்கு ஒட்டிக்கொண்டு நின்றது. கசிவில்லை. சந்தேகத்துக்கு மறுபடியும் உறிஞ்சினான்.

“ஸ்டார்ட் பண்ணுங்க. இப்பச் சாவியத் திருப்புங்க.”

எஞ்சின் நின்றது. மாதக்கணக்கில் வெள்ளிக்கிழமைகளில் கேட்காதிருந்த தெருக்குழாயின் சொட்டுச் சத்தம் கேட்டது. ஹாஜி வாயைப் பிளந்தபடி நின்றார். சமையல்கட்டில் ஏதோ கீழே விழுந்து உருண்டது.

“நல்லா இருப்பே தம்பி!” பூஷ்தா பாய்ந்து இறங்கி இத்ரீஸின் நெற்றியில் முத்தமிட்டான். டிக்கியைத் திறந்து தலையணை, வீட்டுச் செருப்பு, டோமினோ பெட்டி என்று அடுக்கடுக்காக எடுத்தான். “எத்தனை மாசமா டிக்கியிலயே கிடக்குது மாமா! உங்களுக்குச் சொல்ல வேண்டிய கதையெல்லாம் அப்படியே பாக்கி நிக்குது!” உள்ளே போய்விட்டான்.

அப்படியானால் இவர் நெரிக்கவில்லை. குழப்பத்தோடே இத்ரீஸ் தொண்டையைச் செருமினான். “ஹாஜி... உங்ககிட்ட ஒரு விஷயம்... நுஸ்ஹா...”

ஹாஜி அவன் கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துப் போனார்.

“நீ உப்பு கேட்டு வந்தப்பவே தெரியும். அத விடு. போன வருஷம் இவன் ‘ஒரே ஒரு டீ’ன்னு இறங்கினான். நோன்பு வந்துது, பெருநாள் போச்சு, செர்ரி பழுத்து உதிர்ந்துது, அப்புறந்தான் கிளம்பினான். அத்தனை நாளும் வாய் மூடல. வண்டியாவது கியர்ல போட்டா நிக்கும்! மருமகன வராதேன்னு சொல்ல முடியுமா? வா வான்னுதானே கூப்பிடணும்?”

ஜெல்லாபா அங்கியின் பைக்குள் கைவிட்டு ஓர் இடுக்கியை எடுத்து, இத்ரீஸின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினார்.

“காலையில ரொட்டி வாங்க வண்டியக் கிளப்புவான். கிளப்பினா, அணையக் கூடாது. ஞாயித்துக்கிழமை உங்கம்மாவப் பொண்ணு கேக்க வரச் சொல்லு.”

வீட்டுக்கு வந்ததும் இத்ரீஸ், அன்றைய பக்கத்தின் அடியில் எழுதினான்:

“நாளை, சனி. விடிவதற்குள்: இன்று நான் பொருத்திய இணைப்பை உடைக்க வேண்டும்.”