நசுக்காத முள்

முன்னால் போக வேண்டிய தூண்டில் கயிறு பின்னாலேயே நின்றுவிட்டது.

அவன் முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான். முன்னால் வீசுவதற்காகத் தலைக்கு மேல் தூக்கிய தூண்டில் கழி தூக்கியபடியே இருந்தது.

எதிரே, பாறை நிழலில், அந்த டிரவுட் மீன் இன்னொரு தடவை மேலே வந்து, மிதந்து வந்த பூச்சி ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு கீழே இறங்கியது. விடிந்ததிலிருந்து அதற்காகத்தான் தவம் கிடந்தான். இப்போது அது கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை.

பின்னால் புதர் இருக்கிறது. புதரில் மாட்டினால் கிளை வளைந்து கொடுத்துத் திரும்ப இழுக்கும். கல்லில் பட்டால் டிக்கென்று கழி வரைக்கும் அதிரும். இத்தனை வருஷம் ஆற்றில் தூண்டில் போட்டவனுக்கு இதெல்லாம் கைக்கே தெரியும்.

இது இரண்டும் இல்லை. மெத்தென்று எதிலோ இறங்கி, லேசாக அசைந்து, நின்றது.

பின்னால், கரையில், அவன் மகள் உட்கார்ந்திருந்தாள்.

ஐயோ.

திரும்பிப் பார்க்க வேண்டும். கழுத்து திரும்ப மாட்டேன் என்றது.

நேற்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து மீனை ஏமாற்ற அவனே கட்டிய பொய் ஈதான் கயிற்றின் நுனியில் இருந்தது. அரிசி மணி அளவு முள். அதன் மேல் நூல் சுற்றி, சேவலின் கழுத்து இறகை நெருக்கமாகச் சுற்றி, தண்ணீரில் முழுகாமல் மிதக்க மெழுகு தடவி, ஈயாகவே ஆக்கியிருந்தான். இதைப் பார்த்தால் நிஜ ஈயே பெண் கேட்டு வரும் என்று மைத்துனனிடம் பீற்றிக்கொண்டான்.

முள்ளின் நுனிக்குக் கீழே பின்பக்கமாக நீட்டிக்கொண்டிருக்கும் எதிர்முள்ளை இடுக்கியால் நசுக்கிவிடுவதுதான் அவன் வழக்கம். நசுக்கினால், எதில் ஏறினாலும் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். நசுக்காவிட்டால் சதையைப் பிய்த்துக்கொண்டுதான் வரும்.

போன வாரம் ஒரு பெரிய மீன் அப்படி வழுக்கிக்கொண்டு போனது. மைத்துனன் விழுந்து விழுந்து சிரித்தான். அந்தக் கடுப்பில் இந்த ஒன்றை மட்டும் நசுக்காமல் விட்டுவைத்தான்.

"முள்ள நசுக்கிட்டீங்கல்ல? பாப்பாவும் வர்றா" என்று கிளம்பும்போது மனைவி கேட்டாள்.

"ம்" என்றான். வாய் கூசவில்லை அப்போது.

கழியைத் தாழ்த்திக் கயிற்றைத் தளரவிட்டான். இழுத்துவிடக் கூடாது. எங்கே இறங்கியிருக்கும்? காதா? கன்னமா? கண்ணா?

ஆனால் சத்தமே இல்லையே! ஆறு வயசுப் பிள்ளை. எறும்பு கடித்தாலே ஊரைக் கூட்டுகிறவள். முள் ஏறியிருந்தால் அலறாமல் இருப்பாளா? அந்த நினைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். அவள் மேல் இல்லை. பக்கத்தில் வைத்திருந்த துணிப்பையாகத்தான் இருக்கும். கடவுளே, பையாக இருக்கட்டும்.

கூப்பிட வாயெடுத்தான். வீட்டில் அவன் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து வீட்டு நாய்கூடப் படுத்துவிடும். அந்தக் குரல் இப்போது கெஞ்சியது.

"பாப்பா?"

திரும்பினான்.

கயிறு நேராக அவள் முகத்துக்குத்தான் போயிருந்தது. இடது கண்ணுக்கு ஒரு விரல் கீழே, கன்னத்தில், ஈ உட்கார்ந்திருந்தது. அதன் அடியிலிருந்து ரத்தம் ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவள் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. இரண்டு கைகளாலும் வாயை இறுகப் பொத்தியிருந்தாள். உடம்பு மட்டும் நடுங்கியது.

கழியை எறிந்துவிட்டுத் தண்ணீரை உதைத்துக்கொண்டு ஓடினான். சரளைக் கல்லில் மண்டியிட்டான். அவள் கைகளைப் பிடித்து விலக்கப் பார்த்தான். விடமாட்டேன் என்று இன்னும் அழுத்திப் பொத்தினாள். ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

அப்போதும் அவள் அழவில்லை. கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, காதில் விழுந்தும் விழாத குரலில் அவசர அவசரமாகச் சொன்னாள்.

"நான் சத்தமே போடலப்பா. மீன் ஓடிப்போச்சுன்னா அது என்னால இல்ல."