காவல்காரர் தூங்குகிறார்

“பரவாயில்லையே, வர்றவங்களுக்குத் தண்ணியெல்லாம் குடுக்குறாங்க!”

சொல்லிக்கொண்டே நீலக் கதவுக்குள் நுழைந்தார், ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி.

வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன தெரு. மஞ்சளும் ரோஜா நிறமுமாக வரிசையாகப் பழைய வீடுகள். அதில் நீலக் கதவு போட்ட துரை வீடுதான் மியூசியம் என்று லாட்ஜில் சொல்லியிருந்தார்கள். இவர் எதிர்ப்பக்கம் நின்று போட்டோ எடுத்துவிட்டு வருவதற்குள், மனைவி உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு ஒரு பெண்.

“யூனிபார்ம்கூடக் கிடையாதாம்மா உனக்கு?”

அந்தப் பெண் புரியாமல் விழித்தாள். அதற்குள் இவர் கூடத்தின் நடுவில் நின்றார். முப்பது வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கிய கண் சும்மா இருக்குமா?

“எவ்வளவு பழமையான கூடம்! இதுல போய் டிவியை மாட்டி வச்சிருக்கீங்களே!”

“அது... பாக்கறதுக்குத்தான் சார்.”

“அடுப்படியில குக்கர் விசில் அடிக்குது. துரை குக்கர்லயா சமைச்சான்?”

“என்னங்க...” என்று மெல்ல ஆரம்பித்தார் மனைவி.

“நீ சும்மா இரு. நாம கேக்கலைன்னா இதையெல்லாம் யார் கேப்பா?”

அடுத்த அறையை எட்டிப் பார்த்தவருக்குச் சுர்ரென்று ஏறியது. கட்டிலில் ஓர் ஆள் குப்புறப் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

“பாத்தியா அநியாயத்தை! காவலுக்குப் போட்ட ஆளு துரையோட கட்டில்லயே தூங்குறான். எழுப்பும்மா அவனை!”

“ஐயோ, மெதுவா பேசுங்க சார்.” பெண் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள். “காவல்காரர்தான். ராத்திரியெல்லாம் மியூசியத்தைக் காத்துட்டு இப்பத்தான் வந்து படுத்தாரு.”

“வந்து படுத்தாரா? எங்கேருந்து?”

“பக்கத்து வீட்டுலேருந்து. அதுதான் சார் மியூசியம். அங்கேயும் நீலக் கதவுதான். இது எங்க வீடு. அவர் என் வீட்டுக்காரர்.”

அதிகாரியின் முகத்தில் அசடு வழிந்தது. ஆனாலும் பழக்கம் விடவில்லை.

“இதை நான் நுழைஞ்சப்பவே சொல்றதுக்கு என்னம்மா?”

அவள் நாற்காலிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“சொன்னா உடனே அக்காவைக் கிளப்பிக் கூட்டிட்டுப் போயிடுவீங்களே சார். அவங்க எங்க வாசல்ல மயங்கி விழுந்தப்ப, நீங்க எதிர்ல போட்டோ எடுத்துட்டு இருந்தீங்க.”