ஒரு சிட்டிகை ஃப்ளோரைடு

மார்ச் பதினாறாம் தேதி, திங்கட்கிழமை மதியம், பற்பசைத் தொழிற்சாலையின் வாசலில் தலைமைக் கெமிஸ்டின் சாப்பாட்டு டப்பாவிலிருந்து கால் கிலோ சோடியம் ஃப்ளோரைடுப் பொட்டலம் கைப்பற்றப்பட்டது.

அரை நாள் விடுப்பில் வீட்டுக்குக் கிளம்பியவரைப் பிடித்தது வாசல் காவல்கார அம்மாள்.

"காலி டப்பா கனக்குதேன்னு திறந்தேன் சார். உப்புங்கறாரு. வேலைக்கு வர்றவங்க வீட்டுலேர்ந்து சாப்பாடு கொண்டு வருவாங்க. வேலை செய்யற இடத்துலேர்ந்து வீட்டுக்கு உப்பா கொண்டு போவாங்க?"

இன்ஸ்பெக்டர் இடது கன்னத்தில் கையை வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். அது அவர் யோசிக்கும் தோரணை என்று மேனேஜர் நினைத்துக்கொண்டார்.

"இந்தப் பொடி எதுக்கு?"

"பேஸ்ட்டுக்கு உயிரே இதுதான் சார். ஒரு சிட்டிகை இருந்தாப் போதும். எச்சில்ல இருக்கிற கால்சியத்தை இழுத்துப் பல்லு மேல உட்கார வெச்சிடும். எனாமல் கெட்டிப்படும், சொத்தை அண்டாது. இதே பொடி ஸ்பூன் கணக்குல யார் டீயிலயாவது விழுந்தா..." மேனேஜர் மீதியைச் சொல்லாமல் கூரையைப் பார்த்தார்.

"கிடங்குல எவ்வளவு குறையுது?"

"அதான் சார் அதிசயம். ஒரு கிராம்கூடக் குறையல. வாங்கினதும் கலவைக்குக் குடுத்ததும் சரியா இருக்கு. கலக்கறது, டெஸ்ட் பண்றது, கையெழுத்துப் போடறது எல்லாமே இவர்தான். அவ்வளவு நம்பிக்கை!"

"பாலுக்குப் பூனை காவல்" என்றார் இன்ஸ்பெக்டர்.

பூனை எதிர் நாற்காலியில் அமைதியாக உட்கார்ந்திருந்தது. தொழிற்சாலையில் எல்லோரும் அவரை 'சிட்டிகை சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். அதிர்ந்து பேசாதவர். பல் விளக்காமல் யாராவது வேலைக்கு வந்தால் மட்டும் முகம் சுளிப்பார்.

"எவ்வளவு நாளா நடக்குது இது?"

"ரெண்டு வருஷமா."

"யாருக்குக் குடுத்தே?"

"யாருக்கும் குடுக்கல சார். சத்தியமா."

கலவை அறை மேஸ்திரி தொண்டையைச் செருமினார். "சொல்லக் கூடாதுதான் சார். இவரு மாமியார் வீட்டோட இருக்காங்க. பேச்சு ஒவ்வொண்ணும் ஊசி. ரெண்டு வருஷம் முன்னால கேன்டீன்ல வெச்சு சொன்னாரு, 'அந்தம்மா வாயை நான் மூட வெக்கலைன்னா என் பேரை மாத்திக்கறேன்'னு. இப்பல்லாம் மாமியாரைப் பத்தி ஒரு புலம்பலும் இல்ல."

இன்ஸ்பெக்டர் சட்டென்று எழுந்தார். "ஜீப்பை எடு!"

மேனேஜர் பின்னாலேயே ஓடிவந்து பேஸ்ட் அடுக்கிய ஒரு அட்டைப்பெட்டியை நீட்டினார். "பேப்பர்ல எங்க கம்பெனி பேரு மட்டும் வராமப் பாத்துக்குங்க சார். ஊரே எங்க பேஸ்ட்லதான் பல் விளக்குது."

"போன தடவை குடுத்ததே இன்னும் இருக்குய்யா."

"இருக்கட்டும் சார், ஸ்டேஷனுக்கு."

கெமிஸ்டின் வீடு ஒரு தெருமுனையில் இருந்தது. ஜீப் நின்றதுமே இன்ஸ்பெக்டருக்கு விஷயம் புரிந்துவிட்டது. வாசலில் குவியலாகச் செருப்புகள். சுவரோரம் வரிசையாக நாற்காலிகள். தலை குனிந்து உட்கார்ந்திருந்த ஆண்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒரு பெரியவர் துண்டால் வாயைப் பொத்தியிருந்தார். ஒரு சிறுமி தாயின் தோளில் முகம் புதைத்துத் தேம்பிக்கொண்டிருந்தாள்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றினார்.

"பாவி!" என்றார், ஜீப்புக்குள் இருந்தவரைப் பார்த்து. "ஒரு நாள் முன்னால மாட்டியிருக்கக் கூடாதா நீ?"



அப்போது உள்ளேயிருந்து ஒரு வயதான அம்மாள் விறுவிறுவென்று வந்தார். மருமகனை ஜீப்பில் பார்த்ததும், "என்ன மாப்பிள்ளை, அதுக்குள்ள வந்துட்டீங்க? போலீஸ் வண்டியில வேற!" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒரு அடி பின்வாங்கினார். "நீங்கதான் மாமியாரா? அப்போ... செத்தது யாரும்மா? உங்க பொண்ணா?"

"வாயைக் கழுவுங்க! அவ உள்ள சாப்பிடக்கூட நேரமில்லாம நின்னுக்கிட்டிருக்கா. ரெண்டு வருஷத்துக்கு முன்னால இதே இடத்துல ஈ ஓட்டிக்கிட்டிருந்த பொண்ணு சார் அவ. 'கட்டினவளுக்கு நாலு பேரைக் கூட்டிட்டு வரத் துப்பில்ல'ன்னு இந்த மனுஷனை நான் திட்டாத நாளில்ல. என்ன மாயம் பண்ணாரோ, இப்ப ஊரே வாயைத் திறந்துக்கிட்டு வந்து நிக்குது. நான்தான் வாயை மூடிக்கிட்டேன்."

பேசிக்கொண்டே அவர் இன்ஸ்பெக்டரின் இடது கன்னத்தை உற்றுப் பார்த்தார்.

"ஐயோ, இது எவ்வளவு வீங்கியிருக்கு! முதல்ல டோக்கனைப் பிடிங்க. போலீஸா இருந்தாலும் வரிசையிலதான் வரணும்."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து வாசலுக்கு மேலிருந்த பலகையைப் படித்தார். பல் மருத்துவமனை.

வீட்டைச் சோதித்ததில், கட்டிலுக்கு அடியில் ரெண்டு வருஷத்து ஃப்ளோரைடும் பொட்டலம் பிரிக்காமல் கிடந்தது. கெமிஸ்ட் சொன்னது உண்மைதான். அதிலிருந்து ஒரு சிட்டிகைகூட அவர் யாருக்கும் கொடுக்கவில்லை, ஊர் பல் விளக்கிய பற்பசைக்குக்கூட. அவர்கள் வீட்டுக் குளியலறையில் இருந்தது போட்டிக் கம்பெனியின் பற்பசை.

கெமிஸ்டைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக இருட்டிவிட்டது. இன்ஸ்பெக்டருக்குக் கிடைத்தது முப்பத்தொன்றாம் எண் டோக்கன்.