கடைசியாகச் சேமித்தவர்

"அந்தப் பேரை மட்டும் சொல்லுங்க. மிச்சத்த நான் பாத்துக்கறேன்."

துரைக்கண்ணு மேசையில் கை ஊன்றி நின்றார். குத்தாலத்து உழவர் நிறுவனத்துக்கு அவர்தான் தலைவர். அவர் நிற்கும்போது அந்த அறையில் உட்கார மற்றவர்கள் யோசிப்பார்கள்.

மயிலாடுதுறையிலிருந்து வந்திருந்த கம்ப்யூட்டர்காரன் சேரன் மட்டும் வேலையின் பொருட்டு உட்கார்ந்திருந்தான். காலையில் மயூரநாதர் கோயிலில் இட்டுக்கொண்ட திருநீறு வியர்வையில் கரைந்துகொண்டிருந்தது. வந்ததிலிருந்து அவனுக்கு ஒருவரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

அறுவடை வண்டி யார் வயலில் எப்போது இறங்கும் என்கிற முறை, எல்லோருக்கும் பொதுவான சர்வரில் ஒரு ஃபைலில் இருக்கிறது. இன்று துரைக்கண்ணுவின் வயலுக்கு வரவேண்டிய வண்டி, தங்கம்மாளின் குத்தகை வயலில் போய் இறங்கிவிட்டது. ஃபைலிலிருந்து தானாகப் போனுக்கு வந்த பட்டியலில் அப்படித்தான் இருந்தது என்றார் டிரைவர். ஆபீசில் ஃபைலைத் திறந்து பார்க்கலாம் என்றால், அனுமதி இல்லை என்றது கம்ப்யூட்டர்.

நேற்றுத்தான் தங்கம்மாள் இதே வாசலில் நின்று கெஞ்சினாள். மழையில் சாய்ந்த கதிர் முளைவிடத் தொடங்கிவிட்டது, ஒரு நாள் முன்னால் வண்டியை விட்டால் பிழைத்துக்கொள்வேன் என்றாள். முறை என்றால் முறைதான் என்று துரைக்கண்ணு அவளை அனுப்பிவிட்டார். மேட்டில் இருக்கும் அவர் வயலில் ஒரு கதிர்கூடச் சாயவில்லை.

"அவளும் இவளும் ஒரே தெரு. வேற யாரு மாத்தியிருப்பா? திறக்கலைன்னு நடிப்பு வேற!"

முறை ஃபைலில் பெயர் ஏற்றுகிற எழில்மொழியைத்தான் சொன்னார். அவள் பிரிண்டர் பக்கத்தில் சுவரோடு நின்றாள். தலை குனியவில்லை. பதிலும் சொல்லவில்லை.

கணக்குப் பார்க்கும் ஷோபனா தன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. துரைக்கண்ணு நாற்காலியைக் காலால் தள்ளியபோது மட்டும் அவள் தோள் ஒடுங்கியது. அதைச் சேரன் பார்த்தான்.

உரம் வாங்க வந்தவர்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அவர்களைப் பார்த்து துரைக்கண்ணு குரலை உயர்த்தினார்.

"பேரு மட்டும் தெரியட்டும். இத்தனை பேரு முன்னாடி கழுத்தப் புடிச்சு வெளிய தள்றேனா இல்லையான்னு பாருங்கய்யா."

கோளாறு என்னவென்று சேரனுக்கு வந்ததுமே புரிந்துவிட்டது. நேற்றுப் புது டிஸ்க் மாற்றியபோது அவன் ஒரு விதியைப் போட மறந்திருந்தான். அது இல்லாவிட்டால், கடைசியாகச் சேமித்தவர் யாரோ அவர் பெயருக்கே ஃபைல் போய்விடும். மற்றவர்களுக்குப் பூட்டிக்கொள்ளும்.

கறுப்புத் திரையில் ஒரு வரி தட்டினான். ஃபைலுக்கு நேரே உரிமையாளரின் பெயர் வந்தது.

சேரன் அதை இன்னொரு முறை படித்தான்.

தங்கம்மாள் நேற்று உள்ளங்கையில் வைத்து நீட்டிய நெல்மணிகள் நினைவுக்கு வந்தன. ஒவ்வொன்றின் முனையிலும் வெள்ளையாக ஒரு முளை. அப்போது இதே நாற்காலியில்தான் அவனும் இருந்தான். பார்த்துவிட்டு, மறுபடி டிஸ்க்கைத் திருகப் போய்விட்டான்.

இந்தப் பெயருக்கு உரியவரால் அப்படிப் போக முடியவில்லை போலிருக்கிறது.

"வந்துடுச்சா?" துரைக்கண்ணு மேசையைச் சுற்றி வரத் தொடங்கினார்.

ஈசனே என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டு சேரன் அடுத்த வரியைத் தட்டினான். அவர் வந்து அவன் தோளுக்கு மேல் குனிவதற்குள், சர்வரில் இருந்த எல்லா ஃபைலுக்கும் ஒரே உரிமையாளர் என்றாகிவிட்டது. 'ஆபீஸ்.'

"என்னய்யா இது? இதுக்கு முன்னாடி யார் பேரு இருந்துச்சு?"

"நேத்து ஒரு விதியப் போடாம விட்டது நாந்தாங்க, அதான் பூட்டிக்கிச்சு. பொது ஃபைலு, யாரு வேணும்னாலும் மாத்தியிருக்கலாம். திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க."

அதில் பொய் இல்லை. கேட்டதற்குப் பதிலும் இல்லை.

துரைக்கண்ணு திட்டினார். பெயர் கிடைக்காமல் எழில்மொழியை வெளியே தள்ள முடியாத கோபத்தையும் சேர்த்து அவன்மேல் கொட்டினார். நெற்றியில் பட்டை, தொழிலில் ஓட்டை என்றார். வாசலில் சிலர் சிரித்தார்கள். இனி இந்தப் படியை மிதிக்கக்கூடாது, வருஷ ஒப்பந்தம் இன்றோடு சரி என்றார்.

சேரன் விட்டுப்போன விதியைப் போட்டு முடித்தான். ஃபைல் எல்லோருக்கும் திறந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தான்.

பைக்கில் பையை மாட்டும்போது எழில்மொழி வந்து தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

"குடிங்க சார்."

அவன் குடித்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்.

"உங்க பேரு அதுல இல்ல. நான் பண்ணலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேங்க."

"சொன்னா, அடுத்து யாருன்னு கேப்பாரு."

அவள் பாட்டிலை வாங்கி மெல்ல மூடினாள்.

"இது போனா நான் வேற வேலை தேடிக்குவேன் சார். கணக்கு பாக்குற அக்கா எங்க போவாங்க?"

துரைக்கண்ணு காரில் ஏறி ஹாரனை அழுத்தினார். கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தார்.

சாப்பாட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஷோபனா ஓடிவந்தாள். அவர்கள் இருவரையும் அவள் பார்க்கவில்லை. முன்கதவைத் திறந்து, கணவரின் பக்கத்தில் உட்கார்ந்து, சத்தம் வராமல் சாத்திக்கொண்டாள்.